சாம்பல் மரம்: ஒரு பிழைதிருத்தம்

2025 நவம்பர் இறுதியில் எங்கள் மொழிபெயர்ப்புக் கதைத் தொகுதியின் மறுபதிப்புக்கான மெய்ப்புப் படிகள் வந்து சேர்ந்தன. முதற்பதிப்பு 2009இல் வெளிவந்தது. முந்நூறு படிகள் அச்சிட்டு, விற்றது சிலவும் கொடுத்தது பலவும் போக, எஞ்சியவை எங்கள் வீட்டுப் பரணில் கிடந்து கரையானுக்கு இரையாயின. அந்நூலுக்கு ஒரு மறுபதிப்பு வாய்க்கும் என்று நாங்கள் எண்ணியதில்லை. எண்ணியிருந்தால், 15 ஆண்டுகளாக எங்களுக்குள்ளேயே வைத்திருந்த ஒரு பிழையை எப்போதோ திருத்தி வைத்திருப்போம்.

நாங்கள் என்பது அண்ணன் தம்பி இருவர். ஒருவர் தமிழ் படித்துக் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர். மற்றவர் ஆங்கிலம் படித்து வேறொரு கல்லூரியில் ஆங்கிலம் கற்பிப்பவர். இதை எழுதுவது தமிழாசிரியரின் கை. ஆயினும் பிழை இருவருக்கும் பொதுவானது என்பதால், கட்டுரை நெடுகிலும் 'நாங்கள்' என்றே வரும். நண்பர்கள் பொறுத்தருள வேண்டும்.

தொகுதியில் ஓர் ஆங்கிலக் கதை. இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் தனித்து வாழும் கைம்பெண். அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு 'ஆஷ்' மரம். காலையில் எழுந்ததும் அவள் அதைத்தான் பார்க்கிறாள். நாங்கள் அதைச் 'சாம்பல் மரம்' என்று எழுதினோம். ஓரிடத்தில் அல்ல, ஏழு இடங்களில். அந்தச் சொல்லை முதலில் எழுதியது யார் என்பதில் எங்களிடையே இன்றுவரை உடன்பாடில்லை.

அதோடு நின்றிருந்தாலும் ஒருவாறு தப்பியிருப்போம். முன்னுரையில் இரண்டு பத்திகளை அந்த மரத்துக்கென்றே ஒதுக்கினோம். எரிந்தணைந்த வாழ்வின் நிறம் சாம்பல் என்றும், கைம்மையின் வெண்மையும் நெற்றியில் நீறும் கீழைத்தேயத்துக்கு மட்டும் உரியவை அல்ல என்றும், ஆசிரியர் இம்மரத்தைத் தற்செயலாகத் தேர்ந்திருக்க முடியாது என்றும் எழுதினோம். அப்பகுதியைப் பாராட்டி ஒரு வாசகர் கடிதமும் வந்தது. ஒரு கருத்தரங்கில் அதையே விரித்து வாசித்துக் கைதட்டலும் பெற்றோம். நம்மூர்க் கதையொன்றில் 'கொல்லையில் ஒரு வேப்பமரம் நின்றது' என்று வருவது எப்படியோ அப்படித்தான் அந்த ஆசிரியர் தம் ஊர் மரத்தைப் பெயர் சொல்லிக் குறித்திருந்தார்.

இதில் எங்களுக்குக் கூடுதல் நாணம் தருவது ஒன்றுண்டு. வேங்கை என்றால் புலி, வேங்கை என்றால் மரம் என்று வகுப்பில் ஆண்டுதோறும் சொல்லிக் கொடுப்பவர்கள் நாங்கள். பாறைமேல் உதிர்ந்து பரவிய மஞ்சள் வேங்கைப் பூக்களைப் புலியெனக் கருதி யானை மருளும் காட்சியைச் சங்கப் பாடல்களில் காட்டி, இருபொருட் சொல்லின் நயத்தை விளக்குபவர்கள். அயலார் ஒருவர் அந்த மரத்தைப் 'புலிமரம்' என்று பெயர்த்திருந்தால் நாங்களே எள்ளி நகையாடியிருப்போம்.

நூல் வந்த புதிதில், ஒரு விடுமுறை மாலையில், எங்கள் அப்பத்தாவுக்கு அந்தக் கதையைப் படித்துக் காட்டினோம். காளையார்கோவில் பக்கத்துச் சிற்றூர் எங்களுடையது. அப்பத்தா பள்ளிக்கூடம் போகாதவர், எங்களை வளர்த்தவர், ஆடு வளர்த்தவர். கதை கேட்பதில் அவருக்கு அலுப்பே கிடையாது. கால் நீட்டி அமர்ந்து கேட்டவர், நடுவில் நிறுத்தினார்.

"ஏய்யா, சாம்ப மரம், சாம்ப மரம்ங்கிறீகளே, அது என்ன மரம்யா? பூக்குமா, காய்க்குமா? ஆடு திங்குமா?"

"அது வெள்ளக்கார ஊரு மரம் அப்பத்தா. இங்க கெடையாது."

"எந்த ஊரு மரமா இருந்தா என்ன? அந்த ஊர்லயும் ஆடு இருக்கும்ல?"

நாங்கள் சிரித்துவிட்டு மேலே படித்தோம்.

அவர் மரங்களை வகைப்படுத்திய முறையே அதுதான். வாகை, ஆத்தி, உடை, பூவரசு என ஒவ்வொன்றுக்கும் ஆடு கடிக்குமா, விரும்பிக் கடிக்குமா, வேறொன்றும் இல்லாதபோது கடிக்குமா என்று ஒரு கணக்கு வைத்திருந்தார். இதை ஒரு கிழவியின் விந்தையெனத் தள்ளிவிட முடியாது. ஆடுதின்னாப்பாளை என்றொரு மூலிகை நம்மிடம் உண்டு. ஆடாதோடைக்கு அப்பெயர் வந்தது ஆடு தொடாத இலை என்பதால் என்று சொல்வார்கள். செடிக்குப் பெயரிடுமுன் ஆட்டைக் கேட்ட மரபு ஒன்று தமிழில் இருந்திருக்கிறது. அந்த மரபில் வந்த கேள்வியை, இரண்டு முதுகலைப் பட்டங்களைக் கையில் வைத்துக்கொண்டு நாங்கள் கேட்காமல் விட்டோம்.

2010 ஏப்ரல் தொடக்கத்தில் இங்கிலாந்து சென்றோம். எங்கள் அக்கா லண்டனுக்கு மேற்கே ரெடிங் நகரில் குடியிருந்தாள். அவளுடைய பிரசவத்துக்குத் துணையாகச் சென்றிருந்த அம்மாவை அழைத்து வருவதும், அப்படியே ஊரைப் பார்ப்பதும் நோக்கம், செலவு அத்தானுடையது. 17ஆம் தேதி சனிக்கிழமை திரும்ப வேண்டும். 14ஆம் தேதி சித்திரை முதல் நாள். அரசுக் கணக்கில் தமிழ்ப் புத்தாண்டு தைக்கு மாற்றப்பட்டிருந்த ஆண்டுகள் அவை. வீட்டில் மட்டும் பழைய வழக்கம் மாறவில்லை. அம்மா பாயசம் வைத்தார். ஊருக்குத் தொலைபேசினோம். "என்னைக்கு வர்றீக?" என்றார் அப்பத்தா. ஞாயிற்றுக்கிழமை சென்னை, திங்கட்கிழமை ஊர் என்றோம்.

அதே நாளில் ஐஸ்லாந்தில் எய்யாஃபியாட்லாயோகுல் எரிமலை தன் உச்சியிலுள்ள பனிப்பாறையைப் பிளந்துகொண்டு வெடித்தது. தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் ஒவ்வொருவரும் அப்பெயரை ஒவ்வொரு விதமாகச் சொல்லித் தடுமாறினர். தீவு, மலை, பனியாறு என்ற மூன்று சொற்கள் புணர்ந்த பெயர் அது. நம் புணர்ச்சி விதிகளுக்குப் பழகியவர்களுக்கு அத்தனை மிரட்சி வேண்டியதில்லை. கொதிக்கும் பாறைக்குழம்பும் உருகிய பனிநீரும் மோதியதில் அது மிக நுண்ணிய பொடியாகச் சிதறியது. மேல்வானத்துக் காற்று அதைத் தென்கிழக்கே ஐரோப்பாவை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தது. 15ஆம் தேதி நண்பகல் பிரிட்டனின் வான்வெளி மூடப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரத்தில் ஐரோப்பாவில் சுமார் 1,00,000 விமானங்கள் நின்றன. ஒரு கோடிப் பயணிகள் ஆங்காங்கே சிக்கினர். அவர்களில் நாங்கள் மூவர்.

வெள்ளிக்கிழமை ஊருக்குப் பேசினோம். மலை வெடித்துச் சாம்பல் வானத்தில் நிற்கிறது, விமானம் பறக்காது என்று சொன்னோம்.

"சாம்பலா? சாம்பல் என்னய்யா செய்யும்?" என்றார் அப்பத்தா.

அவருக்குச் சரியான மறுமொழி சொல்லுமளவு அன்று எங்களுக்கே ஒன்றும் தெரியாது. அடுத்து வந்த நாள்களில் வேறு வேலையில்லாமல் செய்தித்தாள்களைப் படித்தும் தொலைக்காட்சி முன் அமர்ந்தும் கற்றுக்கொண்டோம். முதலாவது, எரிமலைச் சாம்பல் சாம்பலே அன்று. விறகும் எருவாட்டியும் எரிந்து மிஞ்சும் பொடி மென்மையானது. அதைக் கொண்டு பாத்திரம் துலக்கினோம், பல்லும் துலக்கினோம். எரிமலை உமிழ்வதிலோ எரிந்த மிச்சம் என்று எதுவும் இல்லை. பாறைக்குழம்புக்குள் அடைபட்ட வாயு விரிந்து அதைச் சிதறடிக்க, சிதறியது நொடியில் குளிர்ந்து கண்ணாடித் துகளாக உறைகிறது. அதனுடன் பாறைப்பொடியும் கனிமப்பொடியும் கலந்திருக்கும். 2 மில்லிமீட்டருக்குக் குறைவான துகள் எல்லாவற்றையும் சாம்பல் என்றே வழங்குகிறார்கள். விளிம்புகள் கூரியவை, நீரில் கரையாதவை, கண்ணாடியைக் கீறுபவை. பார்வைக்குச் சாம்பல்போல் இருந்ததால் யாரோ எப்போதோ வைத்த பெயர் நிலைத்துவிட்டது. பார்வைக்குக்கூடப் பாராமல் பெயர் வைத்தவர்கள் நாங்கள் என்பதால் இதில் குறை சொல்ல எங்களுக்கு வாயில்லை.

ஜெட் எந்திரத்தின் எரியறையில் வெப்பம் 1,400 பாகை செல்சியஸ் அளவுக்கு உயரக்கூடும். இந்தத் துகள்களோ 1,100 பாகை அளவிலேயே உருகத் தொடங்கிவிடும். காற்றோடு உள்ளே போகும் பொடி உருகி, எரியறைக்குப் பின்னுள்ள சுழலியின் இதழ்களில் படிந்து, அங்கே கண்ணாடிப் பூச்சாக இறுகுகிறது. காற்று போகும் வழி குறுகுகிறது. எந்திரம் மூச்சுமுட்டி அணைகிறது. முன்கண்ணாடி உப்புத்தாள் தேய்த்ததுபோல் மங்கிப்போகிறது. வேகம் அறியும் குழாய்கள் அடைபடுகின்றன. விமானத்தின் மூக்கிலுள்ள வானிலை ராடார் மழைத்துளியைக் காண்பதற்கு அமைந்தது; இந்த உலர்ந்த நுண்பொடி அதற்குப் புலப்படாது. இரவாயின் விமானியின் கண்ணுக்கும் புலப்படாது.

அந்த வாரம் எல்லாத் தொலைக்காட்சிகளும் ஒரு பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொல்லின. 1982 ஜூன் 24 இரவு. லண்டனிலிருந்து பம்பாய், கோலாலம்பூர் வழியாக ஆக்லாந்து நோக்கிச் சென்றுகொண்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747, ஜாவாத் தீவுக்குத் தெற்கே 37,000 அடி உயரத்தில் இருந்தது. முன்கண்ணாடியில் நீலவெள்ளை மினுக்கம் ஓடியது. பயணிகள் பகுதியில் புகையும் கந்தக நாற்றமும் பரவின. சில நிமிடங்களுக்குள் நான்கு எந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. கலுங்குங் எரிமலை வெடித்திருந்ததை எரிக் மூடி என்ற அந்தத் தலைமை விமானி அறிந்திருக்கவில்லை. நடந்ததைப் பயணிகளுக்கு அவர் ஒலிபெருக்கியில் அறிவித்த பதற்றமற்ற தொனியை இன்றும் வியந்து சொல்கிறார்கள். விமானம் ஓசையின்றி இறங்கிக்கொண்டே வந்தது. சுமார் 13,000 அடியில் ஓர் எந்திரம் உயிர்பெற்றது, பிறகு மற்றவையும். தூசுப்படலத்துக்குக் கீழே வந்ததும் எந்திரத்துக்குள் இறுகியிருந்த கண்ணாடிப் பூச்சு குளிர்ந்து விரிசலிட்டுச் சில்லுகளாகக் கழன்றுவிட்டதே காரணம். அதன்பின் ஓர் எந்திரம் மீண்டும் பழுதாக, மூன்றைக் கொண்டு, முன்கண்ணாடி வழியே ஏதும் தெரியாத நிலையில், ஓரத்துச் சிறு இடைவெளி வழியாகப் பார்த்து ஜகார்த்தாவில் இறக்கினார்கள். விமானத்தில் இருந்த 263 பேரில் எவருக்கும் காயமில்லை. 1989 டிசம்பர் 15 அன்று அலாஸ்காவில் ரிடவுட் எரிமலையின் முகிலுக்குள் நுழைந்த கே.எல்.எம். விமானத்துக்கும் இதே கதி நேர்ந்தது. நான்கு எந்திரங்களும் நின்று, 14,000 அடிக்குமேல் தாழ்ந்தபின்தான் அவை மீண்டும் இயங்கின.

இந்த நிகழ்ச்சிகளுக்குப் பின்பே உலகத்தை ஒன்பது பகுதிகளாகப் பிரித்து எரிமலைச் சாம்பல் எச்சரிக்கை மையங்கள் அமைத்தார்கள். ஐஸ்லாந்து லண்டன் மையத்தின் பொறுப்பில் வருவது. சாம்பல் இருந்தால் விலகிப் போ என்பது விதி. மேலே ஏறித் தப்பலாம் என்று தோன்றும். ஆனால் எந்திரத்தின் விசையைக் குறைத்து, வந்த வழியே திரும்புவதுதான் விமானிக்குக் கற்பிக்கப்படும் பாடம். ஆனால் எவ்வளவு இருந்தால் சாம்பல் என்று கொள்வது? பசிபிக் பெருங்கடலின்மேல் ஒரு முகில் மிதந்தால் சுற்றிக்கொண்டு போய்விடலாம். ஐரோப்பாவின் மேலேயே அது வந்து கவிந்தபோதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. ஒரு கன மீட்டர் காற்றில் 2 மில்லிகிராம் வரை பறக்கலாம் என்று பிரிட்டனில் ஒரு கணக்கை வகுத்து, ஏப்ரல் 20 இரவு வான்வெளியைத் திறந்தார்கள். மே மாதத்தில் அதை 4 மில்லிகிராமாக உயர்த்தினார்கள்.

நாங்கள் அந்த நாள்களில் கண்ட வானமோ மாசுமறுவற்ற நீலம். ஹீத்ரோ அருகில் என்பதால் வழக்கமாக அக்கா வீட்டுக்குமேல் வெள்ளைக் கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். அந்த வாரம் ஒரு கோடும் இல்லை. சாம்பல் எங்கே என்று அம்மா அண்ணாந்து பார்த்துக் கேட்டுக்கொண்டே இருந்தார்.

17ஆம் தேதி, பறந்திருக்க வேண்டிய சனிக்கிழமை, வேறு போக்கிடமின்றி, ஆஷ் மரத்தைப் பார்த்துவிடுவது என்று கிளம்பினோம். செய்தித்தாளின் தலைப்பெல்லாம் அந்தச் சொல்லாக இருக்கையில் எங்கள் மரம் நினைவுக்கு வராமல் என்ன செய்யும்? அக்காவின் பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற பள்ளியாசிரியை ஒருவர் இருந்தார். அவர் நாயையும் எங்களையும் தேம்ஸ் கரைக்கு அழைத்துச் சென்றார். மற்ற மரங்கள் பலவும் துளிர்த்திருந்த கரையில், இன்னும் ஓர் இலைகூட விடாமல் நின்ற நெடுமரத்தின் முன் நிறுத்தினார். ஆஷ் சோம்பேறி மரம், மற்றவையெல்லாம் தளிர்த்த பிறகு மே மாதத்தில்தான் கண் விழிக்கும் என்றார். ஓக் முந்துகிறதா ஆஷ் முந்துகிறதா என்று பார்த்து அவ்வாண்டு மழையைக் கணிக்கும் நாட்டார் வழக்கும் அங்கே உண்டாம்.

இலையில்லாத மரத்தை எப்படி அறிவது? தாழ்ந்த கிளை ஒன்றை வளைத்துக் காட்டினார். மொட்டுகள் கறுப்பு. கருஞ்சிவப்போ கரும்பழுப்போ அல்ல, மைக்கூட்டில் தோய்த்தெடுத்த கறுப்பு. குளிர்காலத்தில் இந்த ஒன்றே போதும் என்றார். அடுத்து, மொட்டுகள் காம்பின் இருபுறமும் நேருக்கு நேராக இருந்தன. இலைகளும் அப்படியே எதிரெதிராகத்தான் வரும். சென்ற ஆண்டின் காய்கள் பழுப்பேறிச் சாவிக்கொத்துபோலத் தொங்கின. ஒற்றை இறகுடைய தட்டைக் காய்கள், காற்றில் சுழன்று பறப்பவை. ஊதாநிறப் பூக்கள் கொத்துக் கொத்தாக, இதழ் என்று சொல்ல ஏதுமின்றி, இலைக்கு முன்பே வரத் தொடங்கியிருந்தன.

பூக்குமா, காய்க்குமா? இரண்டுக்கும் ஒரே மரத்தில் விடை கிடைத்தது.

மலைச்சரிவுகளில் ஏறக்குறைய இதே தோற்றத்தில் இலைவிடும் மற்றொரு மரத்தை 'மலை ஆஷ்' என்கிறார்களாம். அதன் இலைகள் மாறிமாறி அமையும், அது ஆஷ் இனமே இல்லை, ரோவன் என்பதே அதன் பெயர். ஆஸ்திரேலியாவில் மலை ஆஷ் என வழங்குவது உலகிலேயே மிக உயர்ந்து வளரும் யூகலிப்டஸ். ஆக, ஆங்கிலேயரே பெயரில் சறுக்கியிருக்கிறார்கள். இது எங்களுக்குச் சற்று ஆறுதலாக இருந்தது.

இன்னோர் ஆறுதலும் ஒரு கணம் எட்டிப் பார்த்தது. அந்த மரத்தின் பட்டை வெளிறிய சாம்பல் நிறம்! எங்களுள் ஆங்கிலம் படித்தவர் துள்ளினார். பெயர்க் காரணம் இதுவாகவே இருக்கலாமே, முன்னுரை தப்பித்ததே என்று. அன்று மாலை அக்காவின் கணினியில் சொற்பிறப்பைத் தேடியபோது அதுவும் போயிற்று. பழைய ஆங்கிலத்தில் மரத்தின் பெயரும் எரிந்த மிச்சத்தின் பெயரும் வெவ்வேறு சொற்கள். ஒலி தேய்ந்து ஒன்றானவை. மரத்தைக் குறித்த சொல்லுக்கு ஈட்டி என்ற பொருளும் இருந்தது, அதன் வைரம் ஈட்டிக் காம்புக்கு ஆகிவந்ததால். ஜெர்மன் மொழியில் மரம் 'எஷெ', சாம்பல் 'அஷெ' என இன்றும் தனித்தனியே நிற்கின்றன.

தேடிய இடத்தில் வேறொன்று கிடைத்தது. தாவரவியலார் ஆஷ் மரத்தை ஒலிவக் குடும்பத்தில் வைக்கிறார்கள். அதே குடும்பத்தில் இருப்பவை மல்லிகை, முல்லை, பவழமல்லி. கற்பும் காத்திருப்பும் முல்லைத் திணை என்று காலமெல்லாம் பாடம் நடத்துபவர்கள், கணவனை இழந்து காத்திருக்கும் ஒருத்தியின் கொல்லையில் நின்ற முல்லையின் உறவுக்காரனைச் சாம்பலாக்கி வைத்திருந்தோம். உடனே இதையும் ஒரு படிமமாக்கி மறுபதிப்பின் முன்னுரையில் சேர்த்துவிடலாமா என்று ஆசை எழுந்ததையும் மறைப்பதற்கில்லை. நல்லவேளை, மறுபதிப்புக்கு 15 ஆண்டுகள் ஆயின.

மறுநாள் ஞாயிறு. ஊருக்குப் பேசி, அப்பத்தாவிடம் மரத்தைப் பார்த்ததைச் சொல்ல வேண்டும் என்றிருந்தோம். குழந்தைக்கு நீராட்டு, சமையல், விமான நிறுவனத்தின் தொலைபேசியில் மணிக்கணக்கில் ஒலித்த இசை என்று பகல் கழிந்தது. பிறகு ஊரில் இரவாகிவிட்டது. காலையில் பேசிக்கொள்ளலாம் என்று விட்டோம். எங்கள் நேரப்படி அன்று இரவு பத்து மணிக்கு மேல் அத்தானின் கைப்பேசி ஒலித்தது. அப்பா பேசினார். முந்தின மாலை வரை ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போட்டவர், இரவு நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து அமர்ந்திருக்கிறார். விடியுமுன் போய்விட்டார்.

பேரன்மார் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். அப்பத்தாவுக்குப் பேரன்கள் என்றால் நாங்கள் இருவர்தாம். "என்னய்யா செய்ய?" என்று அப்பா கேட்டபோது எங்களிடம் சொல்வதற்கு ஒன்றுமில்லை. எத்தனை பணம் கொடுத்தாலும் ஏற வானம் இல்லை. பங்காளி வீட்டுச் சிறுவர்கள் இருவர் பந்தம் பிடித்ததாகப் பிறகு அறிந்தோம். திங்கட்கிழமை அக்கா வீட்டின் பின்கட்டில் அமர்ந்திருந்தோம். அம்மா மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு, அது விழிக்காதபடி ஓசையில்லாமல் அழுதார். ஊரில் இப்போது எடுத்திருப்பார்கள், இப்போது காடு சேர்ந்திருப்பார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். வானம் அன்றும் நீலமாகவே இருந்தது.

வான்வெளி திறந்தும் எங்களுக்கு இடம் கிடைத்தது 24ஆம் தேதி. 26ஆம் தேதி காலை ஊரில் இறங்கினோம். காடாற்று முடிந்து ஆறு நாளாகியிருந்தது. எலும்பு பொறுக்கி, சாம்பலைக் கூட்டி, பால் தெளித்து, நவதானியம் விதைத்திருந்தார்கள். அப்பா எங்களை இடத்துக்கு அழைத்துப் போனார். அந்த வாரம் முழுதும் சாம்பல் சாம்பல் என்று உலகமே பேசியது; அதில் எரிந்து மிஞ்சிய சாம்பல் இது ஒன்றுதான், இதையும் நாங்கள் பார்க்கவில்லை. விதைத்ததில் கொஞ்சம் பயறு முளைத்திருந்தது போலும். அதை ஆடு மேய்ந்திருந்தது. அவருடைய ஆடுகளாகத்தான் இருக்க வேண்டும்.

மே இறுதியில் அக்கா மரத்தின் படத்தை மின்னஞ்சலில் அனுப்பினாள். இலைவிட்டிருந்தது. ஓர் ஈர்க்கில் 9 முதல் 13 வரை சிற்றிலைகள், விளிம்பில் பல். சட்டென்று பார்த்தால் வேப்பிலை என்றே தோன்றும். ஆனால் வேம்பில் இலைக்கொத்து மாறிமாறி வரும், இதில் நேருக்கு நேர். எங்கள் வீட்டு மல்லிகையில் போய்ப் பார்த்தோம். அதிலும் நேருக்கு நேர்.

அந்த மரம் இன்று இல்லை. ஆஷ் மரங்களைக் கருகச் செய்யும் ஒரு பூஞ்சை 1992 வாக்கில் போலந்தில் தென்பட்டு, 2012இல் பிரிட்டனில் உறுதி செய்யப்பட்டது. அதன் வித்துகளும் காற்றில் வருபவை. அவற்றுக்கு வான்வெளியை மூடுவார் இல்லை. அந்நாட்டு ஆஷ் மரங்களில் 80 விழுக்காடு வரை மடியலாம் என்பது கணிப்பு. தேம்ஸ் கரையில் நாங்கள் பார்த்த மரத்தைப் பாதுகாப்புக் கருதி வெட்டிவிட்டதாக 2021இல் அக்கா சொன்னாள்.

ஐஸ்லாந்தைப் பற்றியும் ஒரு சொல். அம்மக்களின் பழைய புராணத்தில் உலகங்களைத் தாங்கி நிற்கும் இக்ட்ரசில் ஓர் ஆஷ் மரம். முதல் மனிதனின் பெயரே அஸ்க்கர், ஆஷ் மரம் என்று பொருள். இவற்றை எழுதிக் காத்த அந்தத் தீவில் ஆஷ் இயற்கையாக வளர்வதில்லை. கண்ணால் காணாத மரத்தை வழிவழியாகக் கேட்டுப் பாடியிருக்கிறார்கள். ஆனாலும் அதன் கிளைகளை நான்கு கலைமான்கள் தின்றுகொண்டிருப்பதாகப் பாடினார்கள். எதைக் கேட்க வேண்டுமென்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

மெய்ப்பு வந்த அந்த நவம்பரில்தான், 23ஆம் தேதி, எத்தியோப்பியாவின் ஹைலி குப்பி எரிமலை வெடித்தது. அதன் சாம்பல் செங்கடலைத் தாண்டி, ஏமன், ஓமன் வழியாக, மறுநாளே ராஜஸ்தான், டில்லி வானத்தை அடைந்தது. சில விமானங்கள் நிறுத்தப்பட்டன, சில திருப்பிவிடப்பட்டன. வகுப்பில் ஒரு மாணவி எழுந்து, "சாம்பல் என்ன சார் செய்யும்?" என்று கேட்டாள். இம்முறை விடை தெரிந்திருந்தது. அரைமணி நேரம் சொன்னோம்.

மெய்ப்பைத் திருத்த உட்கார்ந்தபோது சொல்லில் சிக்கல். 'ஆஷ் மரம்' என்றால் தமிழ் வாசகருக்கு மணியாச்சி ரயில் நிலையமும் வாஞ்சிநாதனும் நினைவுக்கு வந்துவிடுவார்கள். எங்களுள் தமிழ் படித்தவர் 'கருமொட்டு மரம்' என்று ஆக்கிப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அப்படி ஒரு மரம் யாருக்கும் தெரியாது. கடைசியில் ஏழு இடங்களிலும் ஆஷ் மரம் என்றே மாற்றி, முன்னுரையின் இரண்டு பத்திகளையும் முழுமையாக நீக்கினோம். முதல் இடத்தில் மட்டும் ஓர் அடிக்குறிப்பு: 'குளிர்நாட்டு நெடுமரம், முல்லையின் குடும்பம், கறுப்பு மொட்டு, எதிரெதிர் இலை, இறகுக் காய். ஆடு தின்னும்.'

இறுதி வரி உண்மை. ஐரோப்பிய உழவர்கள் நெடுங்காலமாக ஆஷ் கிளைகளைக் கழித்து, உலர்த்தி, குளிர்காலத்தில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் குழையாகப் போட்டு வந்திருக்கிறார்கள். இமயமலைச் சரிவில் வளரும் ஆஷ் இனத்தின் இலையும் தீவனமாகிறது.

பதிப்பகத்தார் தொலைபேசியில் அழைத்தார்கள். இலக்கிய நூலின் அடிக்குறிப்பில் அந்தக் கடைசி இரண்டு சொற்கள் தேவைதானா, நீக்கிவிடலாமா என்று கேட்டார்கள். இருக்கட்டும் என்றோம்.